நான்கு பக்கமும் சொந்த ஊர்ப் பாட்டு

சீனச் சதுரங்கத்தில் நான் தோற்ற முதல் ஆட்டம் வாக்குவாதத்தில் முடிந்தது. என் தளபதிக்கு யாரும் செக் வைக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தன் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். ஆனால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வெட்டுப்படுவார். மிஞ்சியிருந்த இரண்டு காய்களும் அடைபட்டுக் கிடந்தன. நாம் பழகிய சதுரங்கத்தில் இதற்கு டிரா என்று பெயர். கைகுலுக்கக் கையை நீட்டினேன். எதிரே இருந்த பெரியவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. காய்களை வாரிப் பெட்டியில் போட ஆரம்பித்தார். போக இடமில்லாதவன் தோற்றவன், தம்பி என்றார்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது இது. அங்கே ஒரு சிமெண்ட் மேசை, அதன் மேல் பாதி தேய்ந்துபோன ஆட்டப் பலகை. பெரியவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'தம்பி'. மற்றதெல்லாம் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. பலகையின் நடுவே ஓர் ஆறு ஓடும். ஆற்றின் ஒரு பாதியில் 'சூ ஆறு', மறு பாதியில் 'ஹான் எல்லை' என்று எழுதியிருக்கும். யானைக் காய்கள் அந்த ஆற்றைத் தாண்டக் கூடாது. பெரியவர் 'சூ' என்ற எழுத்தை நகத்தால் தட்டி, "ஸூ மியென் சூ கெ" என்றார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி அர்த்தம் சொன்னார்: நான்கு, பக்கம், சூ, பாட்டு. "அதுதான் நீ."

தோற்றவனிடம் பாட்டைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று அன்று விளங்கவில்லை. சில வருடங்கள் கழித்து, ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து அகராதியின் துணையோடு பழஞ்சீனம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நான்கு சொற்களின் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அகராதியைப் புரட்டினால் விஷயம் ஒரு வரியில் முடிந்துவிடும். எல்லாப் பக்கமும் பகை சூழ, உதவிக்கு ஆளில்லாமல் தவிக்கும் நிலை. கூட்டணிக் கட்சிகள் கழன்றுகொண்ட பிரதமர், கடன்காரர்கள் வாசலில் நிற்கும் கம்பெனி, தொடர்ந்து தோற்கும் கால்பந்துப் பயிற்சியாளர் என்று யாரைப் பற்றியும் இதை எழுதலாம். ஜப்பானியர்களும் இதே நான்கு எழுத்துகளை எடுத்துக்கொண்டு 'ஷிமென் சோகா' என்கிறார்கள். தமிழில் பெயர்க்க வேண்டியிருந்தால் 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம் என்று தோன்றும்.

போகக் கூடாது என்பது என் கட்சி. கொள்ளியின் இரண்டு முனையிலும் இருப்பது நெருப்பு. எறும்புக்கும் அதற்கும் முன்பின் பழக்கம் கிடையாது. சூ பாட்டின் கதை அப்படிப்பட்டதல்ல.

சூ என்பது யாங்சி ஆற்றை ஒட்டித் தெற்கே பரந்து கிடந்த பழைய நாடு. கி.மு. 221-ல் சின் நாட்டு அரசன் எல்லா நாடுகளையும் விழுங்கி முதல் பேரரசன் ஆனபோது சூவும் அந்த வயிற்றுக்குள் போய்விட்டது. ஆனால் செரிக்கவில்லை. சூவில் மூன்றே வீடுகள் மிஞ்சினாலும் சின்னை அழிப்பது சூவாகத்தான் இருக்கும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. முதல் பேரரசன் கி.மு. 210-ல் செத்தான், அடுத்த ஆண்டே கலகம் வெடித்தது. அந்தக் கலகத்தில் எழுந்தவன் சியாங் யூ. சின் படையோடு போரிட்டு மாண்ட சூ தளபதி ஒருவரின் பேரன். ஆள் உயரம், அசுர பலம், படிப்பில் நாட்டமில்லை, வாள்வீச்சிலும் பொறுமையில்லை. எட்டாயிரம் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு ஜியாங்தோங் என்ற தன் பகுதியிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தான்.

நெருக்கடியைச் சொல்லும் இன்னொரு புகழ்பெற்ற சீனத் தொடரும் இவன் கணக்கில்தான் வருகிறது: 'போ ஃபூ சென் ஜோ', அதாவது 'பானையை உடை, படகை மூழ்கடி'. கி.மு. 207-ல் ஜூலூ என்ற ஊரைச் சின் படை முற்றுகையிட்டிருந்தது. சியாங் யூ ஆற்றைக் கடந்ததும் எல்லாப் படகுகளையும் மூழ்கடித்தான், சோற்றுப் பானைகளை உடைத்தான், கூடாரங்களைக் கொளுத்தினான், ஆளுக்கு மூன்று நாள் உணவை மட்டும் கொடுத்தான். வென்றால் சோறு, இல்லாவிட்டால் சாவு. உதவிக்கென்று வந்த மற்ற நாட்டுப் படைகள் தங்கள் அரண்களின் மேல் நின்று வேடிக்கை பார்த்தன. (அந்த வேடிக்கை பார்த்தலும் ஒரு மரபுத்தொடராகிவிட்டது. இந்த ஒரு மனிதனின் வாழ்க்கையிலிருந்து எத்தனை தொடர்கள் பிறந்தன என்று எண்ண ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.) அவன் வென்றான். வேடிக்கை பார்த்த தளபதிகள் அவன் கூடாரத்துக்குள் முழங்காலால் நடந்து வந்தார்கள். அவனுக்கு அப்போது 25 வயது.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் சிமா சியென். சம்பவங்கள் நடந்து சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஹான் அரசவையில் இருந்த வரலாற்றாசிரியர். தோற்ற தளபதி ஒருவருக்காகப் பரிந்து பேசிய குற்றத்துக்காக அவருக்குக் காயடிக்கும் தண்டனை கிடைத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு உயிரோடு இருப்பதைவிடச் சாவதே மானம் என்று கருதிய காலம் அது. எழுதி முடிக்க வேண்டிய நூல் பாக்கி இருந்ததால் அவர் சாகவில்லை. சியாங் யூ ஒருநாளும் பேரரசனானதில்லை. ஆனாலும் அவன் கதையைப் பேரரசர்களின் வரிசையில்தான் சிமா சியென் வைத்தார். ஹான் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஹானின் எதிரிக்கு அந்த இடத்தைக் கொடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

சின் விழுந்த பிறகு, கூடச் சேர்ந்து போரிட்ட லியூ பாங், பின்னால் ஹான் அரசை நிறுவியவன், எதிரியானான். விருந்தில் வைத்து அவனைக் கொன்றுவிடும் வாய்ப்பு சியாங் யூவுக்குக் கிடைத்தது, தயங்கினான், தவறவிட்டான். அதைவிட என்னை உறுத்துவது வேறொரு சம்பவம். பிடித்த தலைநகரைக் கொளுத்திவிட்டு ஊருக்குக் கிளம்புகிறான். இங்கேயே இருந்து ஆளுங்கள், இது அரண் சூழ்ந்த வளமான நிலம் என்கிறார் ஒருவர். அதற்கு அவன் சொன்ன பதில்: "செல்வம் சேர்ந்த பிறகு ஊர் திரும்பாதவன், பட்டுடுத்தி இருட்டில் நடப்பவனைப் போல. யார் பார்ப்பார்கள்?" யோசனை சொன்னவர் வெளியே போய், சூ ஆட்கள் தொப்பி போட்ட குரங்குகள் என்று ஊர் சொல்வது சரிதான் என்று முணுமுணுத்தார். அது சியாங் யூவின் காதுக்கு எட்டியது. முணுமுணுத்தவரைக் கொதிக்கும் அண்டாவில் போட்டான்.

ஊர் பார்க்க வேண்டும் என்று பேரரசையே பாதியில் விட்டுக் கிளம்பியவன் அவன். கடைசி இரவுக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டுகள் போர் நடந்தது. கி.மு. 203-ல் இருவரும் நாட்டை ஒரு கால்வாயின் குறுக்காகப் பிரித்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டார்கள். சிமெண்ட் மேசையில் ஓடும் 'சூ ஆறு, ஹான் எல்லை' அதுதான். சியாங் யூ ஒப்பந்தத்தை நம்பித் திரும்பி நடந்தான். லியூ பாங் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டுப் பின்னால் வந்தான். சதுரங்கத்தில் யானை ஆற்றைத் தாண்டாது. லியூ பாங் தாண்டினான்.

கி.மு. 202. இன்றைய ஆன்ஹுயி மாகாணத்தில் காய்சியா என்ற இடம். சூ படையில் ஆள் குறைவு, உணவு தீர்ந்துவிட்டது. ஹான் படை பல அடுக்காகச் சூழ்ந்திருக்கிறது. சிமா சியெனின் வாக்கியம் மிகச் சிறியது. இரவில், நான்கு பக்கமும் ஹான் படையினர் எல்லோரும் சூ பாட்டுகளைப் பாடுவது கேட்டது. சியாங் யூ திடுக்கிட்டுச் சொன்னான்: "ஹான் அதற்குள் சூ முழுவதையும் பிடித்துவிட்டதா? எத்தனை சூ ஆட்கள் இருக்கிறார்கள்!"

அவ்வளவுதான் மூலம். புல்லாங்குழல் இல்லை, சூழ்ச்சி இல்லை, பாட்டைக் கேட்டுத் தப்பி ஓடும் வீரர்கள் இல்லை. இன்று யாரிடம் கேட்டாலும் கதை வேறு மாதிரிதான் வரும். லியூ பாங்கின் மதியூகி ஜாங் லியாங் தன் வீரர்களுக்குச் சூ பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார், மலைமேல் நின்று குழல் ஊதினார், சூ வீரர்களுக்கு வீட்டு நினைப்பு வந்து ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்பார்கள். பெரியவரும் எனக்கு அப்படித்தான் சொன்னார், குழல் ஊதிக் காட்டும் அபிநயத்தோடு. நல்ல கதைதான். ஆனால் பின்னால் வந்த கதைசொல்லிகளின் கைவேலை. கேட்பவனுக்கு ஒரு கெட்டிக்காரன் வேண்டியிருக்கிறது, அதனால் ஜாங் லியாங்கின் கையில் குழலைக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மூலத்தில் இருப்பதுதான் இன்னும் கொடுமையாகப் படுகிறது. சூழ்ந்து நின்றவர்கள் யார் யார் என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் லியூ பாங். அவனுடைய ஊர் பெய். அதுவும் சூ மண்தான். முற்றுகையை நடத்திய தளபதி ஹான் சின், சூ பகுதியான ஹுவாயின்காரன். ஒருகாலத்தில் சியாங் யூவின் கூடாரத்தில் ஈட்டி பிடித்து நின்ற காவலன். சொன்ன யோசனைகள் ஏறவில்லை என்று எதிர்ப்பக்கம் போனவன். இந்தப் பக்கம் யிங் பூ, சியாங் யூவுக்காக முன்னணியில் நின்று போரிட்டவன், கட்சி மாறினான். அந்தப் பக்கம் ஜோ யின், சூவின் தலைமைத் தளபதியாகவே இருந்தவர், சில வாரங்களுக்கு முன் படையோடு மாறினார். லியூ பாங்குக்கு யோசனை சொல்லும் சென் பிங்கும் முன்பு சியாங் யூவிடம் வேலை பார்த்தவர்தான்.

இவர்களுக்குச் சூ பாட்டை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. குளிரும் இரவில், நாளை வெற்றி என்று தெரிந்த படை, தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடியிருக்கும். ஆகவே "சூ முழுவதையும் பிடித்துவிட்டதா?" என்ற கேள்வியை ஏமாந்தவனின் கேள்வி என்று நான் வாசிப்பதில்லை. அது பாதிக்குமேல் உண்மை. அந்தப் பாட்டு, அவனை விட்டுப் போனவர்களின் வருகைப்பதிவு.

சிங்கப்பூரின் இந்தியப் பேட்டையான தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தால் எனக்கு நான்கு பக்கமும் தமிழ் கேட்கும். வாரம் முழுக்க வேறு மொழிகளில் பேசிக் களைத்த காது அங்கே காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஊர்ப் பாட்டு என்றால் நம் உடம்புக்குத் தெரிந்தது அந்த ஆறுதல்தான். சியாங் யூவின் காதிலும் முதல் நொடி அந்தச் சுகம்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாடுகிறவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பது அடுத்த நொடியில்தான் உறைத்திருக்கும்.

அன்றிரவு அவன் எழுந்து குடித்தான். எப்போதும் கூடவே இருந்த பெண் ஒருத்தி, பெயர் யூ (அவன் பெயரில் இருக்கும் யூ வேறு எழுத்து, இது வேறு). ஜுய் என்ற குதிரை. தானே கட்டிய நான்கு வரிகளைப் பாடினான். மலையைப் பிடுங்கும் பலம், உலகை மூடும் வீரம் என்று முதல் வரி. காலம் வாய்க்கவில்லை, ஜுய் ஓடவில்லை என்று இரண்டாவது. ஜுய் ஓடாவிட்டால் என்ன செய்வேன் என்பது மூன்றாவது. நான்காவது வரியில் பலமும் இல்லை, உலகும் இல்லை: "யூவே, யூவே, உன்னை நான் என்ன செய்வேன்?"

ஒவ்வொரு வரியின் நடுவிலும் 'சி' என்று ஓர் அசை வருகிறது. பொருள் கிடையாது, மூச்சை இழுத்து விடும் இடம். நம் இலக்கணக்காரர்கள் அசைநிலை என்று ஒதுக்கி வைப்பார்களே, அந்த வகை. சூ நாட்டுப் பாட்டின் அடையாளமே அந்த அசைதான். வெளியே நான்கு பக்கமும் சூ பாட்டு. உள்ளே மாட்டிக்கொண்டவன் வாயிலிருந்து வந்ததும் அதே பாட்டு.

பலமுறை பாடினான், அவளும் சேர்ந்து பாடினாள் என்கிறார் சிமா சியென். அவன் கண்ணீர் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். யாராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இந்த இடத்தில் அகராதியை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. ஏனென்றால் ஜூலூ வெற்றிக்குப் பிறகு தளபதிகள் முழங்காலில் வந்தபோதும் இதே வாக்கியம்தான். அங்கே: நிமிர்ந்து பார்க்க யாரும் துணியவில்லை. இங்கே: நிமிர்ந்து பார்க்க யாராலும் முடியவில்லை. நான்கு எழுத்தில் ஓர் எழுத்துதான் வேறு. ஐந்து ஆண்டுகளில் நடந்ததை அந்த ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டார் மனிதர்.

யூ என்ன ஆனாள் என்று அவர் எழுதவில்லை. வாளால் கழுத்தை அறுத்துக்கொண்டாள் என்பது பின்னாளில் மேடை தந்த முடிவு. ஒரு வகைச் செங்கசகசாப் பூவுக்குச் சீனத்தில் அவள் பெயர்தான்.

அப்புறம் நடந்தது எண்களின் கதை. இரவோடு இரவாக 800 குதிரை வீரர்களோடு முற்றுகையை உடைத்து வெளியேறினான். விடிந்ததும் 5,000 பேர் துரத்தினார்கள். ஆற்றைக் கடக்கும்போது கூட இருந்தவர்கள் நூற்றுச் சொச்சம். வழி தப்பியது. ஒரு குடியானவரிடம் கேட்டான். அவர் இடது பக்கம் என்றார். இடது பக்கம் சதுப்பு நிலம். அந்தக் குடியானவரும் நான்கு பக்கத்தில் ஒரு பக்கம்தான். சேற்றிலிருந்து ஏறியபோது 28 பேர்.

வூ ஆற்றங்கரையில் ஒரு சிற்றதிகாரி படகோடு காத்திருந்தார். அக்கரை ஜியாங்தோங். அது சின்ன இடம்தான், ஆனாலும் ஆயிரம் லீ (பழைய சீனத் தூர அளவு) நிலம், பல லட்சம் மக்கள், அரசாளப் போதும் என்றார். இந்தப் பக்கத்தில் படகு இருப்பது என்னிடம் மட்டும்தான், ஹான் படை வந்தாலும் கடக்க முடியாது என்றார். ஜூலூவில் எல்லாப் படகுகளையும் மூழ்கடித்தவனுக்கு ஒரே ஒரு படகு வந்து நிற்கிறது. அவன் சிரித்தான். "எட்டாயிரம் பிள்ளைகளோடு இந்த ஆற்றைக் கடந்து போனேன். ஒருவன்கூடத் திரும்பவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இரக்கப்பட்டு என்னையே அரசனாக்கினாலும், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்ப்பேன்?"

இந்த வரியைத் தமிழாக்க நான் ஒன்றும் மெனக்கெடவில்லை. சீனத்திலும் 'எந்த முகம்' என்றுதான் இருக்கிறது. வடக்கிருந்த சேரமானை இங்கே இழுத்து வரலாம் என்று கை பரபரக்கிறது. வேண்டாம், அவரை அவர் பாட்டுக்கு விடுவோம்.

குதிரையைப் படகுக்காரருக்குக் கொடுத்தான். ஐந்து வருடம் ஏறிய குதிரை, கொல்ல மனமில்லை என்றான். கால்நடையாகப் போரிட்டான். துரத்தி வந்த கூட்டத்தில் ஒரு முகத்தை அடையாளம் கண்டு, நீ என் பழைய ஆள் அல்லவா என்று கேட்டான். "என் தலைக்கு ஆயிரம் பொன்னும் பத்தாயிரம் வீடுகள் கொண்ட நிலமும் தருகிறார்களாம். அதை நீ எடுத்துக்கொள்" என்று தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். முப்பதைத் தொட்ட வயது. பரிசுக்கு அடித்துக்கொண்டதில் ஹான் வீரர்களே பல பேர் செத்தார்கள். உடல் ஐந்து துண்டாகி, அந்த நிலமும் ஐந்தாகப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டது.

கதை இங்கே முடிகிறது என்றுதான் தொடரை விளக்குகிறவர்கள் நிறுத்துவார்கள். ஆனால் சிமா சியெனின் நூலில் சூ பாட்டு இன்னும் ஓயவில்லை. பக்கங்களைத் தள்ளிப் போனால் வென்றவனும் பாடுகிறான்.

லியூ பாங் பேரரசனானான். கட்சி மாறி வந்த யிங் பூ அவனுக்கு எதிராகவும் கிளம்பினான். அந்தக் கலகத்தை அடக்கப் போனபோது பேரரசனுக்கு அம்புக்காயம் பட்டது. திரும்பும் வழியில் சொந்த ஊரான பெய்யில் தங்கி, 120 சிறுவர்களைக் கூட்டிப் பாடக் கற்றுக்கொடுத்து, தானும் பாடி ஆடினான். கண்ணீர் வழிந்தது; காய்சியாவில் சியாங் யூவின் கண்ணீருக்குப் போட்ட அதே சொற்களைத்தான் சிமா சியென் இங்கேயும் போடுகிறார்.

தலைநகர் திரும்பியபோது காயம் ஆறவில்லை. சி என்ற இளைய மனைவியின் மகனைப் பட்டத்து இளவரசனாக்க அவனுக்கு ஆசை. மூத்த மனைவி லூ பேரரசி விடவில்லை. ஒருநாள் விருந்தில், மூத்தவள் மகனுக்குப் பின்னால் நான்கு வெள்ளைத்தாடிக் கிழவர்கள் நிற்பதைக் கண்டான். தான் பல வருடம் அழைத்தும் வராத சான்றோர்கள். அவர்களை வரவழைக்க வழி சொன்னவர் ஜாங் லியாங்; கதைகளில் குழல் ஊதுகிறாரே, அவரேதான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று லியூ பாங்குக்குப் புரிந்தது. இளையவளைக் கூப்பிட்டு அந்த நால்வரையும் காட்டினான். அவள் அழுதாள்.

"எனக்காக நீ சூ ஆட்டம் ஆடு. உனக்காக நான் சூ பாட்டு பாடுகிறேன்" என்றான். அன்னம் உயரப் பறந்துவிட்டது, சிறகு முற்றிவிட்டது, நான்கு கடலையும் கடக்கிறது, இனி கையில் அம்பிருந்து என்ன பயன் என்று பாடினான். பலமுறை பாடினான் என்கிறார் சிமா சியென், காய்சியாவில் எழுதிய அதே சொற்களில். அவள் விம்மினாள். பேரரசன் எழுந்து போனான். விருந்து கலைந்தது.